உஷார்! எரிவது பேட்டரி விளக்கு… போவது பிரேக்!

பழைய டீசல் ஜீப் வாங்கப் போகிறீர்களா? இல்லை, வாங்கி வாசலில் நிறுத்தியே விட்டீர்களா? இந்தக் குற்றால சீசனுக்கு ஐந்தருவிக்கு அதில்தான் போவது என்று பிள்ளைகளிடம் சொல்லியும் ஆயிற்றா? சாவியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு எடுக்கலாம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பயப்படத்தான் வேண்டும்.

சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு ஜீப் ஆசை வந்துவிடும். மேஜர், கமாண்டர், எம்.எம். 540, பழைய பொலீரோ, 2010இல் வந்த முதல் தார் என்று எது கிடைத்தாலும் சரி. டீசலில் ஓட வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். பெரிய டயரும் நெற்றியில் வரிசையாக நாலு லைட்டும் இருந்துவிட்டால் விலை படிந்த மாதிரிதான். "எஞ்சின் இரும்பு அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது" என்பார் விற்கிறவர். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த எஞ்சின்கள் நிஜமாகவே லேசில் சாகாது.

ஆனால் உங்களைக் கொல்வது எஞ்சின் இல்லை. அதன் பக்கத்தில் சுற்றும் ஒரு ரப்பர் வார்.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தென்காசிப் பக்கத்துக்காரர், சின்ன வியாபாரம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போய், பதினைந்து வயதைத் தாண்டிய ஒரு ஜீப்பைப் பிடித்து வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு காலையிலேயே ஐந்தருவிக்குப் போனார். குளித்து முடித்து வண்டியைக் கிளப்பும்போது பானெட்டுக்குள் 'கீச்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது.

பக்கத்தில் நின்ற டிரைவர் ஒருவர், "சாரல்ல நனைஞ்ச பெல்ட்டு. காஞ்சா சரியாயிரும்" என்றார். சொன்னபடியே சத்தம் நின்றுவிட்டது.

நின்றதுதான் வினை.

அங்கிருந்து ஆரியங்காவு ஐயப்பன் கோயிலுக்குப் போனார்கள். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் சிவப்பு விளக்கு. இந்தத் தடவை அணையவில்லை. பேட்டரிதானே, செங்கோட்டை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கோட்டைவாசல் தாண்டிப் புளியரை இறக்கம் வந்தது. அந்த எஸ் வளைவு உங்களுக்குத் தெரியும். அதிக உயரமான கணவாய் இல்லை அது, ஆனால் எதிரே எப்போதும் லாரி ஏறிக்கொண்டிருக்கும். அதற்குள் ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் போய்விடுமே என்ற பதற்றம் அவருக்கு. சாவியைத் திருப்பி ஆஃப் செய்தார். நியூட்ரலில் போட்டு, 'உருட்டிக்கிட்டே கீழ போயிருவோம், அதுக்குள்ள ஆறிரும்' என்று விட்டார்.

பிரேக்கை மிதித்தார். பிடித்தது. மறுபடி மிதித்தார். பாதிதான் பிடித்தது. மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. முழு பலத்தோடு மிதித்தும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே லாரி. மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதி நிறுத்தினார். மாமியாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சின்னவனுக்கு உதட்டில் தையல். உயிர் மிஞ்சியது. பள்ளத்துப் பக்கம் ஒடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதவே கை வரவில்லை.

எல்லோரும் பிரேக் ஃபெயிலியர் என்றார்கள். மெக்கானிக் பார்த்தார். பிரேக் ஆயில் இருந்தது, லைனிங் இருந்தது, ஒழுகல் இல்லை. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை!

அறுந்து கிடந்தது ஃபேன் பெல்ட்.

பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? இதைத்தான் விற்கிறவர் சொல்ல மாட்டார், வாங்குகிறவரும் கேட்க மாட்டார். நாம் மிதிக்கும் பிரேக்கைப் பல மடங்காக்கித் தருவது பூஸ்டர். அது வேலை செய்ய வேக்கம் வேண்டும், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் காற்றை இழுக்கும்போதே அது கிடைத்துவிடும். டீசல் எஞ்சினில் அப்படிக் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு வேக்கம் பம்ப் வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பழைய டீசல் ஜீப்புகள் பலவற்றில் அந்தப் பம்ப் எங்கே இருக்கிறது தெரியுமா? டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டரின் முதுகில்! ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது ஃபேன் பெல்ட். தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்.

ஆக, பெல்ட் அறுந்தால் மூன்றும் சேர்ந்து போகும். சார்ஜ் ஏறாது. ரேடியேட்டர் தண்ணீர் சுற்றாது. பூஸ்டருக்கு வேக்கம் வராது. டேஷ்போர்டில் எரிவதோ பேட்டரி விளக்கு ஒன்றுதான். அந்த விளக்கு அவரிடம், 'உன் கையில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு அது பேட்டரிப் பிரச்சினையாகத் தெரிந்தது.

அதற்குமேல் எஞ்சினையும் ஆஃப் செய்து நியூட்ரலில் விட்டாரே, அதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது. கியரில் இருந்திருந்தால் எஞ்சினாவது வண்டியை இழுத்துப் பிடித்திருக்கும். பெல்ட் நன்றாக இருக்கிற வண்டியிலும் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தினால் பம்ப்பும் நின்றுவிடும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டும் அண்ணன்மாரே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தானே பின்சீட்டில் உட்கார்ந்திருக்கின்றன?

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வண்டியின் வேக்கம் பம்ப் எங்கே இருக்கிறது என்று உங்கள் மெக்கானிக்கிடம் இன்றைக்கே கேளுங்கள். ஆல்டர்னேட்டரில்தான் என்றால், சிவப்பு விளக்கு எரிந்த நொடியில் ஓரங்கட்ட வேண்டும். வீட்டில் போய்ப் பார்ப்போம், கடையில் போய்ப் பார்ப்போம் என்பதெல்லாம் கிடையாது. ஏற்கெனவே இறக்கத்தில் இருந்தால் கியரைக் குறையுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். காலை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மிச்ச வேக்கம் கரையும். ஒரே அழுத்தாக, முழு பலத்தோடு, விடாமல் மிதியுங்கள். கூடவே ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வண்டி நின்ற பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சும்.

இன்னொரு கூத்து உண்டு. அந்த விளக்கே எரியாத வண்டிகள்! சாவியைத் திருப்புங்கள், எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் அப்போது எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பல்ப் போயிருக்கும், அல்லது யாரோ பிடுங்கியிருப்பார்கள். "அது எரியாட்டி வயரிங் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று ஒரு புரோக்கர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பேச்சை நம்பி மலை ஏறாதீர்கள்.

பூஸ்டரை நீங்களே சோதிக்கலாம், காசு செலவில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள், கட்டையாகிவிடும். காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? பம்ப்போ, ஹோஸோ, பூஸ்டரோ போயிருக்கிறது. அடுத்து, ஒரு நிமிஷம் எஞ்சினை ஓட்டி நிறுத்துங்கள். ஐந்து நிமிஷம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் மிதி மெத்தென்று இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கட்டையாக இருந்தால் எங்கோ காற்று கசிகிறது.

பூஸ்டரே இல்லாத ரொம்பப் பழைய ஜீப்புகளும் உண்டு. அவை இதைவிட மேல் என்றுகூட எனக்குத் தோன்றும். அவற்றின் பெடல் என்றைக்குமே கட்டைதான், அதனால் ஓட்டுகிறவர் கால் அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று கைவிடுகிற பிரேக்தான் ஆபத்து.

அதே வேக்கம் பம்ப்பில் இன்னொரு குழி. அந்தப் பம்ப்புக்கு எஞ்சின் ஆயில்தான் மசகு. மெல்லிய குழாய் ஒன்று ஆயிலைக் கொண்டுபோகும். பழைய வண்டியில் அந்தக் குழாய் வெயிலிலும் சூட்டிலும் விறைத்து வெடித்திருக்கும். பட்டென்று விட்டுவிட்டால் எஞ்சின் ஆயில் முழுக்கச் சாலையில்தான். ஆல்டர்னேட்டருக்குக் கீழே ஆயில் கசிந்து பிசுபிசுவென்று புழுதி ஒட்டியிருக்கிறதா? துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். மறுபடி ஈரமென்றால் மலைக்குப் போக வேண்டாம்.

இப்போது ஹேண்ட் பிரேக். இது இன்னும் மோசம், கேளுங்கள்.

சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பாக்ஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். ஐந்தருவிப் பாதையில் சரிவான இடத்தில் பஞ்சர் ஆகிறது. ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று என்ற தைரியத்தில் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்குகிறீர்கள். அவ்வளவுதான்! தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருண்டுவிடும். ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும், வண்டி மட்டும் ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடும். கீழே குனிந்திருப்பது யார்?

கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா என்பீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பெரிய கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கிறதே, டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர், அதற்கும் ஒரு நியூட்ரல் உண்டு. அது நியூட்ரலில் நின்றால் பெரிய கியரை எதில் போட்டாலும் சக்கரத்துக்குத் தொடர்பே இல்லை. தேய்ந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் குலுக்கலிலேயே லீவர் நழுவிவிடும். ஓடும்போது கியர் 'டக்'கென்று கழன்று எஞ்சின் மட்டும் உறுமினால் அதுதான் காரணம். சின்னக் குழந்தைகளை முன்சீட்டில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை. கல்லாவது வையுங்கள். எப்போதும். விதிவிலக்கே கிடையாது.

நாலு சக்கர இழுவையைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டுவதும் வேண்டாம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றும். இந்தப் பழைய வண்டிகளில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை. சேறும் மணலும் என்றால் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும். லீவர் திரும்ப டூ வீலுக்கு வராமல் மாட்டிக்கொள்ளும். கடைசியில் கிராஸோ ஆக்ஸிலோ உடையும். முன்னால் ஒரு அளவு டயர், பின்னால் ஒரு அளவு என்று மாட்டியிருந்தால் நேர் சாலையிலேயே இந்த முறுக்கு ஏறும். வாங்கும்போது நாலு டயரின் அளவையும் குனிந்து படியுங்கள்.

எஞ்சின் லேசில் சாகாது என்றேன். நிற்கவும் மறுக்கும், தெரியுமா? டர்போ சீல் போனாலோ, ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றியிருந்தாலோ, எண்ணெய் ஊற்றி வைக்கும் பழைய மாதிரி ஏர் கிளீனரில் அளவு கூடிப்போனாலோ, எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே உறுமல் ஏறும். பின்னால் புகை மண்டும். சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது, ஏனென்றால் அது எரிப்பது டேங்க் டீசலை இல்லை. பதறி இறங்கி ஓடாதீர்கள். பானெட்டைத் திறந்து கையை விடாதீர்கள். பிரேக்கை இறுக்கி மிதித்து, கிளட்சை அழுத்தி, டாப் கியரில் போட்டு, கிளட்சை விடுங்கள். திணறி நின்றுவிடும். வண்டிக்கு முன்னால் ஆள் இருக்கக் கூடாது.

முன்னெச்சரிக்கையாக ஆயில் அளவுக் கம்பியைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லோருக்கும் பயம் வரும். கூடினால் யாருக்கும் வராது. ஆனால் ஊற்றாமலே ஆயில் ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று பொருள். முகர்ந்து பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜீப் என்றால் ஓடையில் இறக்கிப் படம் எடுக்கத்தான் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. காற்று இழுக்கும் வாயில் தண்ணீர் ஏறினால் டீசல் எஞ்சின் அந்த நொடியே முடிந்தது. தண்ணீரை அமுக்க முடியாது, உள்ளே ராடு வளையும். சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்தால் பழைய சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் திறந்து பார்த்தால் கியர் ஆயில் பாலாக இருக்கும். பிரேக் டிரம் நனைந்தால் கரையேறியதும் பிடிக்காது. மெதுவாகப் போய், லேசாக மிதித்துக் காயவையுங்கள். இதெல்லாம் வண்டிக்கு. மனுஷனுக்கு? 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை மறந்துவிட்டீர்களா? மலையில் மழை பெய்வது கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. நாலு சக்கர இழுவை காட்டாற்று வெள்ளத்திடம் செல்லாது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே கிளப்பிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் காலையில் கிளம்பத் திணறுவதையும் வெள்ளைப் புகையையும் மறைக்கும் வேலை அது. ஆறவிட்டுக் கிளப்பச் சொல்லுங்கள். முடியாது என்றால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட். நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்புப் புகை நாசில், டீசல் பம்ப், அல்லது அடைத்த ஏர் ஃபில்டர். மூன்றில் இதுதான் கொஞ்சம் மலிவு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். ரயில் மாதிரி புகை தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது. கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையையும் சத்தத்தையும் ஒரு வாரத்துக்கு அடக்கி வைக்கிறவர்கள் உண்டு. ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்த வண்டிகளுக்கோ கணக்கே இல்லை.

அடியில் படுத்துப் பாருங்கள். வேட்டி அழுக்கானால் ஆகட்டும். சேஸில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதற்கடியில் துருவும் வெல்டிங்கும் இருக்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடமும் ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடமும்தான் முதலில் விரியும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் தடதடவென்று ஆடினால் கிங் பின்னோ டை ராடோ தேய்ந்திருக்கிறது. மலையில் அந்த ஆட்டம் வந்தால் வளைவு உங்களுக்காகக் காத்திருக்காது.

சீட்டைத் தூக்கி போல்ட்டைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வண்டல் கறை தெரிகிறதா? 2018இல் கேரளம் மூழ்கியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, தூத்துக்குடி, நெல்லை இரண்டும் மிதந்தன. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளெல்லாம் இரும்புக் கடைக்கா போயின? வயரிங்குக்குள் போன தண்ணீர் வருஷக் கணக்கில் அரிக்கும், ஒருநாள் புகையும்.

காகிதம். பதினைந்து வருஷத்துக்கு மேல் போன சொந்த உபயோக வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இருபது வயதைத் தாண்டிய வண்டிக்கு இன்னும் அதிகம். கேரளப் பதிவென்றால் என்.ஓ.சி. இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடுவதென்றால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியே ஆக வேண்டும், வரியும் கட்ட வேண்டும். விற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் விற்ற ஜீப் யாரையாவது இடித்தால் வக்கீல் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

சொந்த ஜீப்பே வேண்டாம், குண்டாறு அணைக்கு மேலே போக வாடகை ஜீப் பிடித்துக்கொள்கிறோம் என்கிறவர்களும் தப்பவில்லை. வெள்ளை போர்டு வண்டியில் காசு கொடுத்து ஏறினால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க வழி இருக்கிறது. மஞ்சள் போர்டு இருக்கிறதா, எஃப்.சி. தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். டயரில் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்களைப் பின்னால் தொங்கவிட்டு, மேலேயும் உட்காரவைக்கிற ஜீப் வளைவில் சாய்ந்தால் நிமிராது. ஏறுமுன் டிரைவரிடம், "தம்பி, சாவியைப் போடு, எஞ்சினக் கிளப்பாத, சிவப்பு லைட் எரியுதா பார்ப்போம்" என்று கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எரியவில்லையா? பிள்ளைகளை இறக்கிக்கொண்டு அடுத்த ஜீப்புக்குப் போங்கள்.